ஏர் பிஸ்டல் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

இலக்குக் கார்டில் ஓட்டைகள் சிதறியதும் கை தானாக ஆலன் கீயைத் தேடும். பாதி பிஸ்டல்கள் கெட்டுப்போவது அந்த நிமிஷத்தில்தான். ஸ்டெயர், மோரினி, வால்தர் என்று லட்சத்தைத் தாண்டும் விலையில் வருகிறவற்றின் திருகைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. மலிவு பிஸ்டல் என்றால் மட்டும் "இதுல என்ன போச்சு" என்று ஆளாளுக்குக் கழற்றிவிடுகிறோம்.

இது அந்த மலிவு ரகத்துக்கானது. பேரலை (குழலை) மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் பிஸ்டல், ஒரு தடவை பம்ப் அடித்துச் சுடுவது, 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுவது, சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பும் பி.சி.பி. என்று நாலு வகை நம் பக்கம் புழங்குகிறது. நாலுக்கும் நோய் வேறு வேறு என்றாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் பெல்லட் (ஈயக் குண்டு), பிறகு வெளியே தெரியும் திருகுகள், பிறகு சைட் (குறிபார்க்கும் தகடுகள்), பிறகு உங்கள் கை. காற்றை அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் கடைசி.

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. 0.45 கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 5 ஜூல்தான். 10 மீட்டருக்கு அதுவே தாராளம். "பவர் ஏத்தித் தாரேன்" என்று யாராவது தடித்த ஸ்பிரிங் போடச் சொன்னால் வேண்டாம். உதறல் கூடும், குழு (கார்டில் ஓட்டைகள் விழும் கூட்டம்) விரியும், பட்டாசுச் சத்தம் மட்டும் மிச்சம்.

கழற்றுவதற்கு முன்

பிஸ்டல் காலி என்று தெரிந்தாலும் குழல் முனை கார்டுப் பக்கமே இருக்கட்டும். பேரலுக்குள் பாதுகாப்பு நாடாவை நுழைத்துவிட்டால் பெல்லட் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். பி.சி.பி.யில் காற்றை முழுக்க இறக்காமல் ஒரு திருகையும் தொடாதீர்கள். 200 பார் என்பது கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல எண்பது, தொண்ணூறு மடங்கு. கழன்று பறக்கும் பிளக் எதிரில் நிற்பவர் கண்ணைக் கேட்கும். ஸ்பிரிங் பிஸ்டலுக்கு ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் பின்மூடியைத் திருகக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பெல்லட்டையும் மாற்றி, சைட்டையும் திருப்பி, கிரிப்பையும் (கைப்பிடியையும்) தேய்த்துவிட்டு "இப்ப பரவாயில்ல" என்றால் எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது. மாற்றத்தை அந்தந்த கார்டின் மூலையிலேயே எழுதுங்கள்: பெல்லட், அழுத்தம், நேரம், திருப்பிய திருகு, எத்தனை சுற்று.

கோளாறு பிஸ்டலில்தானா?

10 மீட்டர் பிஸ்டல் கார்டில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் கார்டு மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். அதாவது ஓட்டை மையத்திலிருந்து ஓட்டை மையம் வரை 16 மி.மீ. விரிந்த குழுவும், சைட் சரியாக இருந்தால், முழுக்கப் பத்தாகவே விழ முடியும். சாய்மானத்தில் (மணல் பை மேல்) வைத்து 10 மி.மீ.க்குள் குழு போடும் பிஸ்டல் உங்கள் ஸ்கோரைத் தடுக்கவில்லை. அதற்கு மேல் அதைத் தோண்டுவது வீண்.

அளப்பது இப்படி. பழைய ஜீன்ஸ் காலை ஒரு முழம் வெட்டி, இரட்டைத் துணியாகத் தைத்து, கழுவிக் காயவைத்த ஆற்று மணலை நிரப்புங்கள். தேரி மண் வேண்டாம். மாவு மாதிரி தையல் வழியே கசிந்து ட்ரிக்கருக்குள் போய் உட்காரும். பி.சி.பி.யை நேராகப் பை மேல் வைக்கலாம். ஸ்பிரிங் பிஸ்டலை அப்படி வைத்தால் உதறலில் துள்ளிக் குண்டு வேறெங்கோ போகும். கையைப் பை மேல் வைத்து, பிஸ்டலைத் தளர்வாகக் கையில் பிடியுங்கள். பத்துக் குண்டு ஒரு கார்டில், இப்படி மூன்று கார்டு. ஐந்து குண்டுக் குழு பொய் சொல்லும், மூன்று குண்டுக் குழுவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பை அளந்து 4.5 கழித்தால் குழு அளவு வந்துவிடும்.

ஆனி, ஆடியில் மொட்டை மாடியிலோ ஒரு பக்கம் திறந்த ஷெட்டிலோ இந்தச் சோதனையை வைக்காதீர்கள். செங்கோட்டைப் பக்கமும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் கணவாய் வழி இறங்கும் காற்று பெல்லட்டையும் கொஞ்சம் தள்ளும், நீட்டிய கையை அதைவிட அதிகமாக ஆட்டும். விடியற்காலை, காற்று எழும்பும் முன் முடித்துவிடுங்கள்.

குழு வட்டமாகவே இருக்கிறது, ஆனால் பெரிதாக இருக்கிறது

பத்தில் ஏழெட்டு தடவை பெல்லட்தான் காரணம். மலிவு டப்பாவைத் திறந்து இருபது பெல்லட்டை ஒரு கண்ணாடித் துண்டில் உருட்டிப் பாருங்கள். பெல்லட் கூம்பு மாதிரி என்பதால் நல்லது ஒரே வளைவில் சுற்றி வரும். பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கியது தத்தித் தத்தி வேறு பக்கம் போகும். அவற்றைத் தனியே எடுத்துவிட்டுச் சுட்டாலே குழு சுருங்குவதைப் பார்க்கலாம். எடை பார்க்க ஆசைப்பட்டால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். 0.01 கிராம் தராசில் எல்லா பெல்லட்டும் ஒரே எடையாகத்தான் தெரியும்.

அடுத்தது தலை அளவு. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து லேன்காரருக்கு 4.50 சரியாக வந்தது என்பது உங்களுக்குச் சாட்சியாகாது. விரலால் தள்ளும்போது ஒரு பெல்லட் வழுக்கிக்கொண்டு உள்ளே விழுந்து அடுத்தது இறுகினால் அந்த டப்பாவே ஒழுங்கில்லை. தட்டைத் தலை பெல்லட்டையே வாங்குங்கள். கூர்முனையும் உருண்டைத் தலையும் கார்டைக் கிழிக்கும், ஓட்டை எங்கே முடிகிறது என்று அளக்க முடியாது. எடை 0.45 முதல் 0.50 கிராமுக்குள் இருந்தால் பிஸ்டலுக்குப் போதும்.

பெல்லட் மாற்றியும் விரிந்தால் குழலில் ஈயம் படிந்திருக்கலாம். ஃபெல்ட் துணிக் குண்டுகளை ஏற்றுமிடத்திலிருந்து முனைப் பக்கமாகத் தள்ளி, வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ஐந்நூறிலிருந்து ஆயிரம் குண்டுக்கு ஒரு தடவை போதும், தினமும் தேய்க்க இது பித்தளைச் செம்பு அல்ல. துடைத்ததும் முதல் பத்து, இருபது குண்டு அலையும். அதைப் பார்த்துப் பதறி சைட்டைத் திருப்பிவிடாதீர்கள்.

குழல் முனையையும் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை முனையின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் பஞ்சு நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. முனையில் மாட்டிய காம்பன்சேட்டருக்குள் (துள்ளலைக் குறைக்கும் துண்டு) ஒரு பக்கம் மட்டும் ஈயக் கீறல் பளபளத்தால் பெல்லட் அங்கே உரசிப் போகிறது; கழற்றிவிட்டு ஒரு குழு போட்டால் தெரிந்துவிடும். பிசிறை எடுக்க நல்ல லேத் ஆள் வேண்டும். வீட்டில் எமரி தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் முனை சாய்ந்து நிரந்தரமாகவே கெடும்.

ஒன்றிரண்டு குண்டு மட்டும் எங்கோ போகிறது

எட்டு குண்டு ஒட்டிக்கொண்டு, இரண்டு மட்டும் ஏழு வளையத்தில். திருகு தளர்வின் முகம் இது. கிரிப் திருகு, பின்சைட் திருகு, பேரலைப் பிடிக்கும் கிளாம்ப், சிலிண்டர் வளையம் என்று எல்லாவற்றையும் சரியான மில்லிமீட்டர் ஆலன் கீயால் (2, 2.5, 3) தொட்டுப் பாருங்கள். அங்குல அளவுக் கீ கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் திருகின் தலையை உருட்டுகிறது. கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் அளவு இறுக்கம் போதும். இறுக்கியதும் திருகுத் தலையிலிருந்து உடம்புக்கு நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். நூறு குண்டு கழித்துக் கோடு பிளந்திருந்தால் அந்தத் திருகுதான் குற்றவாளி. நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

மடக்கும் பிஸ்டலுக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யும்போது இன்னொரு கையால் பேரலைப் பிடித்தபடியே இருங்கள், விரல் ட்ரிக்கர் பக்கம் போகக் கூடாது. ஸ்பிரிங் ஏற்றியபின், பேரலைப் பாதி மூடிய நிலையில் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தன் எடைக்கு அது விழாமல் நின்றால் கீல் ஆணி சரி. தொய்ந்து விழுந்தால் ஆணியைக் கால் சுற்று இறுக்குங்கள். மூடிய பேரலைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக்' என்று ஆடினாலும் இதே வைத்தியம்.

குழு மேலும் கீழுமாக நீள்கிறது

இதற்கு எல்லோரும் வேகத்தைக் குற்றம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் வேறு கதை. நொடிக்கு 150 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டருக்குள் ஏறத்தாழ 22 மி.மீ. விழும். 140 மீட்டரில் போனால் 25 மி.மீ. வேகம் 10 மீட்டர் குறைந்தும் கார்டில் வித்தியாசம் 3 மி.மீ.தான், வளையத்துக்கு வளையம் இருக்கும் 8 மி.மீ.யில் பாதிகூட இல்லை. இப்போது சைட்டை எடுங்கள். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 30 செ.மீ. என்று வைத்தால், முன்சைட் அரை மி.மீ. ஏறித் தெரிந்தாலே கார்டில் 16, 17 மி.மீ. மேலே போகும், இரண்டு வளையம். மேலும் கீழும் ஓடும் குழுவுக்கு முதல் சந்தேகம் மணிக்கட்டின் மேல், அடுத்தது முன்சைட்டைவிட்டு கார்டைப் பார்க்கும் கண்ணின் மேல்.

சாய்மானத்திலும் நீண்டால் மட்டும் க்ரோனோவை (குண்டின் வேகம் அளக்கும் கருவி) தேடுங்கள். பத்துக் குண்டில் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 5, 6 மீட்டருக்குள் என்றால் வேகத்தை மறந்துவிடலாம். அதற்கு மேல் போனால், எந்த வரிசையில் மாறுகிறது என்று பாருங்கள்.

ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் பாகம்) இல்லாத பி.சி.பி. என்றால் இது இயல்பு. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடிப்பதால் அதைத் தட்டும் சுத்தியல் கொஞ்சமே திறக்கும், வேகம் குறைவு. அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறி, ஒரு மேடையில் (வேகம் மாறாத கட்டத்தில்) நின்று, பிறகு விழும். முழுக்க நிரப்பி, பத்துக் குண்டுக்கு ஒருமுறை கேஜ் காட்டும் அழுத்தத்தையும் வேகத்தையும் எழுதிக்கொண்டே போங்கள். மேடை 170 பாரில் தொடங்கி 110இல் முடிகிறது என்று வந்தால், இனி 170க்கு மேல் நிரப்பாதீர்கள், 110க்குக் கீழே சுடாதீர்கள். பைசாச் செலவில்லாத டியூனிங் இது. பலர் நிரப்பும் அளவைக் குறைக்கவே மனசில்லாமல் ரெகுலேட்டர் வாங்க ஓடுகிறார்கள்.

ரெகுலேட்டர் உள்ளதில், பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்துச் சுடும் முதல் குண்டு மட்டும் துள்ளிப் போய், அடுத்தடுத்தவை ஒரே மாதிரி இருந்தால் ரெகுலேட்டர் சீட் கசிகிறது. நின்ற நேரத்தில் உள்ளறை அழுத்தம் மெல்ல ஏறிவிடுகிறது. சீட்டில் ஒட்டிய தூசியாக இருந்தால் துடைத்தால் சரியாகும், பள்ளம் விழுந்திருந்தால் சீட்டை மாற்ற வேண்டும்.

எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குகிறது

சாய்மானத்தில் மையத்திலும், நின்று சுட்டால் இடதிலும் விழுந்தால் அது பிஸ்டல் அல்ல, கிரிப்பும் விரலும். கடிகார முள் மாதிரிப் பிரித்து "ஏழு மணிக்குப் போனால் விரலை இறுக்குகிறீர்கள்" என்று சொல்லும் படம் எல்லார் கையிலும் சுற்றுகிறது. அதை வைத்து வைத்தியம் பார்ப்பது நாடி பார்க்காமல் கஷாயம் கொடுப்பது. காலி பிஸ்டலை வெள்ளைச் சுவரைப் பார்த்து நீட்டி ட்ரிக்கரை விட்டுப் பாருங்கள் (டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை மட்டும் விட்டுப் பழகும் வசதி உள்ளதில் மட்டும்). முன்சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று நேராகவே தெரியும்.

இரண்டிலும் ஒதுங்கினால் சைட். மலிவு சைட்டில் கிளிக் சத்தம் கேட்கும், தகடு நகராது. கட்டச் சோதனை வையுங்கள்: மூன்று குண்டு, மேலே பத்து கிளிக், மூன்று குண்டு, வலம் பத்து, மூன்று குண்டு, கீழே பத்து, மூன்று குண்டு, இடம் பத்து, கடைசி மூன்று. கடைசிக் குண்டுகள் முதல் ஓட்டைகளின் மேலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் மரையில் விளையாட்டு (தளர்வு) இருக்கிறது. எப்போதும் இரண்டு கிளிக் தாண்டிப் போய், ஒரே திசையில் திரும்பி வந்து நிறுத்தும் பழக்கம் அதைச் சமாளிக்கும்.

முன்சைட் பளபளத்தாலும் குழு நகரும். ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது அந்த விளிம்பு கரைந்து, சைட் ஒல்லியாகத் தெரியும். இதற்கு நம் வீட்டு மருந்து சூடம். உலோக முன்சைட்டைக் கழற்றிக் குறட்டில் பிடித்து, எரியும் சூடத்தின் புகையில் காட்டினால் மேலே படியும் கரி வெல்வெட் மாதிரி வெளிச்சத்தைக் குடித்துவிடும். பிளாஸ்டிக் சைட்டுக்கு இது ஆகாது, உருகும். பிஸ்டலோடு சேர்த்தும் காட்டாதீர்கள்.

குண்டு தளர்ந்து போகிறது, கார்டில் அடி சத்தம் குறைகிறது

ஸ்பிரிங் பிஸ்டலில் முதலில் பேரல் மூடும் இடத்து சீல். டிஷ்யூ பேப்பரில் மெல்லிய துண்டைக் கிழித்து அந்த இணைப்பின் மேல் வைத்து, பெல்லட் போட்டே சுடுங்கள். பேப்பர் பறந்தால் காற்று அங்கே ஓடுகிறது. சீலுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்தால் எழும்பி இறுகும்; கனமாக வைத்தால் பேரல் சரியாக மூடாது. பேப்பர் அசையாமல் வேகம் மட்டும் குறைந்தால் பிஸ்டன் சீல். மடக்கும்போது 'கரகர' என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுக்காட்டும் பழக்கமே இரண்டையும் கொல்கிறது: தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் சுவரில் மோதுகிறது.

பம்ப் பிஸ்டலை அடித்து உடனே ஒரு குண்டு, அடுத்ததை அடித்து இரண்டு நிமிஷம் கழித்து ஒரு குண்டு. இரண்டாவது தெளிவாகத் தளர்ந்தால் வால்வு கசிகிறது. இரண்டுமே தளர்ந்தால் பம்ப் சீல் காய்ந்திருக்கிறது. சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

புகையும் கருகல் வாசமும் 'டப்' என்ற சத்தமும் வந்தால் தளர்ச்சிக்கு நேர் எதிர் நோய். யாரோ தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ அறைக்குள் விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் அமுக்கும் சூட்டில் அது டீசல் இன்ஜின் மாதிரி தீப்பிடிக்கிறது. இருபது, முப்பது குண்டில் புகை அடங்கிவிட்டால் சரி, அடங்காவிட்டால் கழற்றித் துடைக்க வேண்டும். பி.சி.பி.யில் இந்த எண்ணெய் விளையாட்டு இன்னும் ஆபத்து. நிரப்பும் வழியில் சுத்தமான சிலிக்கோன் கிரீஸ் தவிர வேறெதுவும் கூடாது. வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் பிடித்து நிரப்புவது வெடியைக் கையில் பிடிப்பதற்குச் சமம், காற்று மட்டுமே.

ராத்திரி நிரப்பியது காலையில் இறங்கியிருக்கிறது

உடனே கசிவு என்று முடிவு கட்டவேண்டாம். மாலை 34 டிகிரியில் 200 பார் வைத்தது காலை 26 டிகிரியில் 195 காட்டுவது இயற்பியல். அதே கணக்கு மறுபக்கமும் ஓடும்: 30 டிகிரியில் 200 நிரப்பிய சிலிண்டரை கத்திரி வெயிலில் மூடிய காரில் விட்டு உள்ளே 50 டிகிரி ஆனால் கேஜ் 213ஐத் தொடும். கார் இருக்கையில் விடாதீர்கள்.

அதற்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் நுரைக்காமல் கலந்து, சின்ன பிரஷ்ஷால் நிரப்பும் வாய், கேஜ் மரை, சிலிண்டர் இணைப்பு என்று தொட்டு வையுங்கள். பெரிய கசிவு குமிழியாகப் பொங்கும். சின்னது பத்து நிமிஷத்தில் வெள்ளை நுரைப் பொட்டாக நிற்கும், பொறுமை வேண்டும். எங்கும் தெரியாவிட்டால் காற்று நிரப்பிய, பெல்லட் போடாத பிஸ்டலின் குழல் முனையில் ஒரு பலூனை மாட்டி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் பலூன் நிமிர்ந்திருந்தால் கசிவது வெளியேற்று வால்வு.

பெரும்பாலும் ஓ-ரிங்தான். பழையதைத் தூக்கி எறியாமல் எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் சாமான் கடைக்குப் போங்கள். "அண்ணாச்சி, இது மாதிரி ஒண்ணு" என்றால் கண்ணளவில் ஒன்றைத் தருவார், அது சேராது. உள்விட்டம், கனம், கடினம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்: "உள்விட்டம் 10, கனம் 2, நைட்ரைல், 90 ஷோர்." கடையில் சாதாரணமாக இருப்பது 70 ஷோர்; 200 பாரில் அது இடுக்கில் பிதுங்கி வெட்டுப்படும். பழைய ரிங் ஊதியோ சப்பியோ இருக்கும் என்பதால் அதை அளப்பதைவிடப் பள்ளத்தை வெர்னியரில் அளப்பது நிச்சயம். மாட்டும்போது மரையின் கூர் விளிம்பு ரிங்கைக் கீறிவிடும். மரை மேல் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ரிங்கை அதன் மேல் வழுக்கி இறக்கி, டேப்பை உருவிவிடுங்கள். கிரீஸ் விரல்நுனியில் பளபளப்பு தெரியும் அளவு போதும்.

கை பம்ப் அடிப்பவர்கள் ஐம்பது அடிக்கு ஐந்து நிமிஷம் பம்பை ஆறவிடுங்கள், ஈரம் வெளியேறும் திருகை ஒவ்வொரு தடவையும் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தென்காசிச் சாரலிலும் காற்றில் இருக்கும் தண்ணீர் அப்படியே சிலிண்டருக்குள் போகும். சிலிக்கா ஜெல் வடிகட்டி இருந்தால் மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

மதியத்துக்கு மேல் வேகம் தாறுமாறாக ஓடுகிறது

குப்பி பிஸ்டல்காரர்களின் புகார் இது. கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் 57 பார் அழுத்தம் தரும், 30 டிகிரியில் 72. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய், அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். நம் ஊரில் மாசி கடந்தால் பகல் முழுக்க அந்த எல்லைக்கு மேல்தான். அழுத்தம் மிஞ்சினால் வால்வு திறக்காமல் குண்டு தளர்ந்து விழும், அல்லது 'சொத்' என்று ஒன்றுமே வராது. குப்பி செத்துவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். நிழலில் பத்து நிமிஷம் வைத்துச் சுட்டுப் பாருங்கள். மறுபக்கம், அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் இறங்கும். குண்டுக்குக் குண்டு அரை நிமிஷம் விட்டால் நிலைக்கும். கோடையில் இந்த வகைக்குக் காலை எட்டு மணிக்கு முன்னால்தான் பயிற்சி.

ட்ரிக்கர் கனம், அல்லது பயமாக லேசு

போட்டிக்குக் குறைந்தபட்சம் 500 கிராம். டிரை ஃபயர் உள்ள பிஸ்டலைக் காலியாக ஏற்றி, குழல் நேர் மேலே பார்க்கப் பிடித்து, ட்ரிக்கர் நடுவில் கயிறு மாட்டி எடையைத் தூக்குங்கள்; ட்ரிக்கர் விடுபடாமல் எடை எழும்ப வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலோடு மளிகைத் தராசில் 520 காட்டும்படி சரிசெய்தால் அதுவே எடைக்கல். 500 சரியாக வைத்தால் ஒரு நாள் தூசி குறைந்தாலே சோதனையில் தோற்பீர்கள், 20 கிராம் கூடுதலாகவே இருக்கட்டும்.

திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள், தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காலி பிஸ்டலை ஏற்றி, அடிப்பாகத்தை உள்ளங்கையால் பத்து தடவை தட்டுங்கள். ஒருமுறை ட்ரிக்கர் தானாக விடுபட்டாலும் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். ட்ரிக்கர் விடுவிக்கும் உள் கொக்கியை அரம் போட்டு மெருகேற்றுவது வேண்டாம். மலிவு இரும்பில் மேல்தோல் மட்டுமே கடினம், அரம் அதைத் தாண்டினால் ஒரு மாதத்தில் தேய்ந்து தானாகச் சுடும் பிஸ்டலாகும். கரகரப்புக்கு மாலிப்டினம் கிரீஸ் ஊசிமுனை அளவு.

பெல்லட் குழலில் நின்றுவிட்டது

அடுத்த பெல்லட்டைப் போட்டுத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. காற்றை இறக்கி, ஏற்றும் வாயைத் திறந்து, பித்தளைக் கம்பியால் முனையிலிருந்து பின்பக்கமாகத் தட்டித் தள்ளுங்கள். குடைக்கம்பி முனையைக் கீறும். ஈர்க்குச்சி உள்ளே ஒடிந்து, ஒரு வேலை இரண்டாகும்.

கிரிப் ஆடுகிறது, இரும்பு பூக்கிறது

மழைக்காலத்தில் மரக் கிரிப் ஊதிக் கை பிடிக்கும் இடம் மாறும். உள்ளங்கைப் பள்ளத்தை எம்-சீல் வைத்து நிரப்பி, ஆறியதும் 120 எண் தாளில் தேய்க்கலாம். மணிக்கட்டைத் தாங்குமாறு நீட்டினால் போட்டியில் கழிப்பார்கள். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உள்ளவர்கள் பெட்டியின் ஸ்பாஞ்சுக்குள் பிஸ்டலைப் பூட்டி வைக்காதீர்கள். ஸ்பாஞ்சு உப்பீரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் துருப்பொட்டு வைக்கும். சுட்டு முடித்ததும் வியர்வையைத் துடைத்து, எண்ணெய் காட்டிய துணியால் வெளியே மட்டும் ஒரு தடவை.

சிலிண்டரில் பொறித்த தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். போட்டி பிஸ்டல் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள். பழைய பிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் குழலைப் பார்ப்பார்கள், ட்ரிக்கரைப் பார்ப்பார்கள், இந்த எண்ணைப் பார்க்க மாட்டார்கள். தேதி கடந்ததையோ, உள்ளே டார்ச் அடித்தால் வெள்ளைப் பொடியும் பள்ளமும் தெரிவதையோ நிரப்பவே கூடாது. அதற்கு டியூனிங் கிடையாது, புது சிலிண்டர்தான்.